கல்யாணத் தட்டில் வந்த நாய்க்குட்டி

என்னைக் கடித்த நாய் குரைக்கவே இல்லை. குரைத்திருந்தால் நான் சுதாரித்துக்கொண்டு ஒதுங்கியிருப்பேன். கல்யாணத்துக்கு முறுக்கு சுட வேண்டும் என்று மில்லில் மாவு அரைத்து, அதைப் பெரிய பிஸ்கட் டின்னில் அடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு மலாக்காவில் காஜா பேராங் சாலையில் நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த நாய் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த நாய். காப்பிக்கடை வாசலில் படுத்துக் கிடக்கும், யாராவது தெரியாமல் மிதித்தால்கூட எழுந்து தள்ளிப் படுத்துக்கொள்ளும். அன்றைக்கு எச்சில் ஒழுகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேராக வந்தது, என் கெண்டைக்காலைக் கவ்வியது, விடமாட்டேன் என்றது. நான் அழவில்லை. டின்னைத் தூக்கி அதன் மண்டையில் ஒரு போடு போட்டேன். மூடி கழன்று நாயும் வெள்ளை, நானும் வெள்ளை, பாதி ரோடும் வெள்ளை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "மாவு எங்கடி?"

காலைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் ஐயோ என்று கத்தினார். கத்திக்கொண்டே ஓடிப்போய் ஒரு பிடி காப்பித்தூளை அள்ளி வந்து காயத்தில் அப்பி, துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். "தண்ணி கிண்ணி பட்டுடப் போவுது. பட்டா சீழ் வெச்சிக்கும். கல்யாணப் பொண்ணு நொண்டிக்கிட்டு மணையில போய் உட்காருவியா?" என்று ஒரு அதட்டல் வேறு.

மெர்டேக்கா, சுதந்திரம் என்ற பேச்சு அப்போதுதான் ஊரில் மெல்லக் கிளம்பியிருந்தது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. அப்பா முனிசிபலில் ரோடு போடுகிற லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். செங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய எங்கள் குடும்பம், அப்பாவுக்கு லோரி ஓட்டத் தெரிந்ததால் டவுனுக்கு வந்தது. அன்று மத்தியானம் அவர் வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்தார். அதே நாய் ஒரு ஆட்டையும், காய்கறி விற்கிற சீனர் ஒருவரையும் கடித்துவிட்டதாம். முனிசிபல் ஆட்கள் அதைச் சுட்டு, வெறியா இல்லையா என்று பார்க்கத் தலையை எடுத்து அனுப்பியிருக்கிறார்களாம். என் காலில் கட்டைப் பார்த்தார். தார் வாடை அடிக்கிற லோரியில் என்னையும் அம்மாவையும் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

அங்கே காயத்துக்கு மருந்து போடும் டிரெஸ்ஸர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "இது என்ன, காலா, காப்பிக்கடையா?" என்றார். என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினார் கழுவினார் அப்படிக் கழுவினார். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. அம்மா பின்னாலேயே நின்று, "தண்ணி படக் கூடாதுங்க, தண்ணி படக் கூடாதுங்க" என்று கெஞ்சினார்.

"அம்மா, பல்லு வழியா உள்ள போற விஷத்தை நீங்க மூடி வெச்சுப் பூட்டு போட்டிருக்கீங்க. கடிச்ச உடனே சோப்பு போட்டுக் கழுவணும். அதுக்கப்புறம்தான் எந்த வைத்தியமும்" என்றார் அவர். சத்தம் போடவில்லை.

நாய்க்கு வெறிதான் என்று தகவல் வந்துவிட்டது. டாக்டர் அப்பாவை உட்கார வைத்துச் சொன்னார். இந்த நோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது, உலகத்தில் எங்கேயும் கிடையாது. வராமல் தடுக்கத்தான் மருந்து இருக்கிறது. தினம் ஒரு ஊசி, வயிற்றில். சொன்ன நாள் முடியும்வரை ஒரு நாள் தவறக் கூடாது. தவறினால் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை.

அப்பா விரலை மடக்கி நாள் எண்ணிப் பார்த்தார். ஊசி முடிவதற்கு முன்னாலேயே கல்யாணம் வந்துவிடுகிறது.

மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே எதுவும் விளங்காது. அவர்கள் கம்போங் செட்டி என்கிற குடியிருப்புக்காரர்கள், மலாக்கா செட்டிகள். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். சாமி நம் சாமி, தாலி நம் தாலி, பொங்கலும் போகியும் நம்மைவிடச் சிரத்தையாகச் செய்வார்கள். ஆனால் பேச்சு மட்டும் மலாய். பெண்கள் கெபாயா போட்டு சாரோங் கட்டுவார்கள். கோயிலில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிய ஒருத்தியைத் துரத்திப் பிடித்து நான் சண்டை போட்டதை மாப்பிள்ளையின் அம்மா பார்த்திருக்கிறார். "இந்தப் பெண்தான் வேண்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றாராம். அப்படி வந்த சம்பந்தம். மாப்பிள்ளை கவர்மெண்டு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் அவரை இரண்டு முறை பார்த்திருந்தேன், இரண்டு முறையும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு ஒரே பயம். "வெறிநாய் கடிச்ச பொண்ணுன்னு தெரிஞ்சா கல்யாணமே வேணாம்னு சொல்லிடுவாங்க. கமுக்கமா முடிச்சிடுவோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொல்லாம கட்டிக்கிட்டுப் போய், நாளைக்கு அவங்க வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து நான் குரைக்கவா? சொல்லிட்டுத்தான் கழுத்தை நீட்டுவேன்" என்றேன். நியாயத்தைவிடப் பயம்தான் என்னை அப்படிப் பேச வைத்தது. ராத்திரி படுத்தால் கண்ணை மூட முடியவில்லை. சாகிற வயசா அது? கூரைப் புடவை பெட்டியில் இருக்கிறது, நான் செத்துப்போய்விடுவேனோ என்று கிடந்து நடுங்குகிறேன்.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். தாய்மாமாவை அனுப்புவது என்று முடிவானது. மார்க்கெட்டில் வெற்றிலை விற்பவர் அவர். கட்டு எவ்வளவு, இன்னும் கொஞ்சம் குறை, நாளைக்கு வா என்பது வரைக்கும் அவருக்கு மலாய் வரும். ஆனால் மலாயைக் கரைத்துக் குடித்துவிட்ட நினைப்பு. "பேச்சை என்கிட்ட விடுங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

போனவர் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"சொல்லிட்டீங்களா மாமா?"

"ஓ, பட்டுனு சொல்லிட்டேன். ஒன்னும் பிரச்சனை இல்லைன்னுட்டாங்க. விழுந்து விழுந்து சிரிச்சாங்கம்மா. தங்கமான மனுசங்க."

"சிரிச்சாங்களா!" என்று நான் எழுந்தேவிட்டேன்.

"இரு, இரு, முழுசாக் கேளு. அவங்க மகனுக்கும் அதேதானாம். சின்ன வயசுலேருந்தே அப்படித்தானாம். நல்ல ஜோடின்னு சொல்றாங்க!"

அப்பா வாயிலிருந்த பீடியை எடுத்துக் கீழே போட்டார். அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "மாப்பிள்ளையையும் நாய் கடிச்சிருக்கா?"

மாமா அங்கே என்ன சொன்னார் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நீங்கள் முழிக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். தமிழில் வெறி முன்னால் வரும், நாய் பின்னால் வரும். மலாயில் நாய்தான் முன்னால், அஞ்சிங் கிலா. நம் மாமா தமிழை அப்படியே கவிழ்த்து "கிலா அஞ்சிங்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஊர்ப் பேச்சில் பந்தாட்டப் பைத்தியத்தைக் கிலா போலா என்பார்கள். கிலா அஞ்சிங் என்றால் நாய் என்றால் உயிரை விடுகிற ஆள். கடித்தது என்ற வார்த்தையைக் கூச்சத்தில் வாய்க்குள்ளேயே மென்றுவிட்டு, "சிக்கிட், சிக்கிட்" என்று, அதாவது கொஞ்சம்தான் என்று, இரண்டு விரலால் அளவு வேறு காட்டிவிட்டு வந்திருக்கிறார். பெண்ணுக்குக் கொஞ்சம் நாய்ப் பைத்தியம் என்று பெரிய ரகசியம் மாதிரி ஒரு மனிதர் வந்து சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

அதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரி வரிசையில் நான் மாப்பிள்ளையைத் தேடினேன். நாய் கடித்தவர்களுக்கென்று ஒரு பெஞ்சு இருந்தது. காய்கறி விற்கும் சீனர் கையில் கட்டோடு வருவார். உஜோங் பாசிரிலிருந்து ஒரு மீன்காரர் வருவார். நான் வருவேன். எல்லோரும் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வோம். மருந்து கெட்டி, போட்ட இடம் கொழுக்கட்டை மாதிரி வீங்கும். நேற்றுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கு, அதற்குப் பக்கத்தில் நாளைக்கு. மாப்பிள்ளை மட்டும் வரவே இல்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. படித்த மனுஷன், கவர்மெண்டு கிராணி, ஊசிக்குப் பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறானா? பிறகு கோபம் போய் அழுகை வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு வார்த்தை பேசாத ஆளுக்காக நான் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். சீனர் எனக்கு ஊசி வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாமாவைப் பிடித்தேன். "மறுபடியும் போங்க. அவருக்கு ஊசி போட்டாச்சான்னு கேட்டுட்டு வாங்க. போடலைன்னா கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

மாமா போனார். "சுடா சுந்திக்?" என்று கேட்டிருக்கிறார், ஊசி போட்டாச்சா என்று. நாய்களைப் பற்றிக் கேட்கிறார் என்று அவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

"போட்டாச்சாம். வீட்ல இருக்கிற அத்தனைக்கும் போட்டாச்சாம். முனிசிபல் ஆளுங்களே வாசல்ல வந்து போட்டுட்டுப் போனாங்களாம். கழுத்துல பட்டை கட்டி, தகடும் மாட்டியாச்சாம்."

"கழுத்துல தகடா?" என்றார் அப்பா.

"மந்திரிச்சிக் கட்டியிருப்பாங்க. அவங்க வழக்கம் என்னவோ" என்றார் அம்மா.

"எங்களை மட்டும் வரிசையில நிக்க வெச்சிட்டு அவருக்கு வாசல்லயே வந்து போடுவாங்களா?" என்று கேட்டேன்.

"கவர்மெண்டு கிராணிம்மா, சும்மாவா?" என்றார் மாமா. பெருமையில் அவர் மீசை துடித்தது. மாப்பிள்ளை உயிரோடிருப்பார் என்று கேட்ட நிம்மதியில் நானும் அதற்குமேல் தோண்டவில்லை.

நலங்கு நாள் நெருங்கியது. அங்கேதான் எனக்கும் அப்பாவுக்கும் முட்டிக்கொண்டது. நலங்கு வைத்துக் கையில் காப்புக் கட்டிவிட்டால் பெண் வாசற்படி தாண்டக் கூடாது. காற்று கருப்பு அண்டும் என்பார்கள், கண்ணு படும் என்பார்கள். ஆஸ்பத்திரி என்றால் கேட்கவே வேண்டாம், நோயும் சாவும் இருக்கிற இடம்.

"பாதிக்கு மேலே போட்டாச்சுல்ல. போட்ட வரைக்கும் வேலை செய்யும்" என்றார் அப்பா.

"பாதி உயிர் போதுமாப்பா எனக்கு?"

"எடக்குப் பேசாதே. நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"நான் செத்தா அந்த நாலு பேரும் வந்து தூக்குவாங்க, அது தெரியும்."

அம்மா ஓவென்று அழுதார். அப்பா வெளியே போய் லோரியின் படியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு என்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. கடித்த அன்று லோரியைப் பறக்கவிட்டவர் அவர்தான். ஆனால் எங்கள் பக்கம் எல்லோரும் புதிதாக டவுனுக்கு வந்தவர்கள். முறை தவறினோம் என்று ஒரு சொல் வந்துவிட்டால் ஊர் மறக்காது என்ற பயம் அவருக்கு. சண்டை முடிவில்லாமல் கிடந்தது. நலங்கன்று காலையில் போய் அன்றைய ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்குத்தான் காப்புக் கையோடு படி தாண்ட வேண்டும்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டு கொண்டுவந்தார்கள். முகத்திலும் கையிலும் மஞ்சள் பூசி, காப்புக் கட்டி என்னை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டு வந்தது, பழத்தட்டு வந்தது, புடவை வந்தது, வளையல் வந்தது. கடைசியாக மாமியார் வந்தார். சின்ன உருவம், கெபாயாவில் பளிச்சென்று அலங்கார ஊசி குத்தி, கொண்டையில் பூ வைத்து. கையில் ஒரு பிரம்புக் கூடை, மேலே பூவேலை செய்த துணி. முகமெல்லாம் சிரிப்பு. கூடையை நேராக என் மடியில் வைத்தார்.

துணி அசைந்தது.

நான் விலக்கிப் பார்த்தேன். உள்ளே கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றிய ஒரு நாய்க்குட்டி. கொட்டாவி விட்டது. வாய் நிறையப் பல்.

அடுத்து என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மஞ்சளும் குங்குமமுமாக நான் அரிசிப் பெட்டியின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். கூடை ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம். அம்மா "ஆத்தா, மாரியாத்தா" என்கிறார். மாமியார் ஒன்றும் புரியாமல், "கிலா அஞ்சிங் என்று சொன்னீர்களே! உனக்கு நாய் என்றால் உயிர் என்று சொன்னார்களே!" என்று மலாயில் கேட்கிறார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மேலே நின்றபடியே கத்தினேன். "சாயா புக்கான் கிலா அஞ்சிங்! அஞ்சிங் கிலா கிகிட் சாயா!" நான் நாய்ப் பைத்தியம் இல்லை, பைத்தியம் பிடித்த நாய் என்னைக் கடித்தது!

எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானும் அதைத்தானே சொன்னேன்!" என்றார் மாமா.

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், இரண்டு வீட்டுப் பெண்களும் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் விடவில்லை. "உங்கள் மகனை நாய் கடித்ததா, இல்லையா?" என்று கேட்டேன். இல்லவே இல்லையாம், அவர் நாய்ப்பிரியராம், அவ்வளவுதானாம். நான் அரிசிப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். என்னைக் கையைப் பிடித்து இறக்கினார். தரையில் மண்டியிட்டு, என் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, ஆறிவரும் அந்தக் காயத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தண்ணீர் கேட்டார். அம்மா பதறிப்போய் ஒரு செம்பு கொண்டுவந்தார். அவர் அதை வாங்கித் தான் குடிக்காமல் என்னிடம் நீட்டினார். குடி என்றார். குடித்தேன். கடைசிச் சொட்டுவரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இது அவர்கள் வீட்டு முறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே நின்றிருந்த அப்பா உள்ளே வந்தார். கையைக் கூப்பி, உடைந்த மலாயில், "மறைக்கணும்னு இல்லைங்க. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். அப்பா யாரிடமும் கைகூப்பி நான் பார்த்ததில்லை.

"கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி யார் சொன்னது?" என்றார் மாமியார். "ஊசியைத்தான் நிறுத்தக் கூடாது. இன்றைக்குப் போட்டாச்சா? நாளைக்கு?"

அப்பா தயங்கித் தயங்கிப் படி தாண்டக் கூடாத விஷயத்தைச் சொன்னார். மாமியார் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"பெண் தனியாகத்தான் படி தாண்டக் கூடாது. மாமியாரோடு போனால் அவள் எங்கள் வீட்டுக்குள் இருக்கிற மாதிரி. நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். யாராவது கேட்டால் என்னிடம் வந்து கேட்கச் சொல்லுங்கள்."

சொன்னபடி மறுநாள் காலையில் பெச்சா ரிக்ஷா வாசலில் வந்து நின்றது. மாமியார் ஒரு பெரிய துணியால் என் தலையைப் போர்த்தி, பெச்சாவின் மூன்று சக்கரமும் கதறக் கதற அதை ஓட்டிய ஒடிசலான ஆளை மிதிக்கச் சொல்லி அதட்டிக்கொண்டே போனார். பார்க்கிறவர்களை நேருக்கு நேராகப் பார்த்தார்.

முகூர்த்தத்தன்றும் போனோம். விடிந்தும் விடியாததுமாகத் தலை நிறையப் பூ, கை நிறைய மருதாணி, கூரைப் புடவை. பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சீனர் வாயைப் பிளந்தார். "கல்யாணமா? இன்றைக்கா?" என்று கேட்டு, எழுந்து தன் இடத்தை எனக்குக் கொடுத்து, மீன்காரரையும் எழுப்பி என்னை வரிசையில் முதலில் அனுப்பினார்.

டிரெஸ்ஸர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல."

"அப்போ முறைச்சது போதும், வயித்தைக் காட்டு" என்றார். குத்திவிட்டு, "நாளைக்கும் வரணும். மாப்பிள்ளை விடலைன்னு சொல்லக் கூடாது" என்றார். வெளியே வந்ததும் மாமியார் என் இடுப்பிலிருந்து ஒட்டியாணத்தை அவிழ்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். வீங்கின வயிற்றில் அது அழுத்தும் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மணையில் ஒட்டியாணம் இல்லாமல் உட்கார்ந்த பெண் நானாகத்தான் இருப்பேன். மறுநாள் ஊசிக்கு என்னோடு பெச்சாவில் வந்தவர் என் புருஷன். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, ஊசி போடும்போது என்னைவிட அதிகமாக முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். கடைசி ஊசி போட்ட அன்று டிரெஸ்ஸர் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, "போ, நல்லா இரு" என்றார்.

அந்தக் குட்டி எங்கள் வீட்டிலேயே வளர்ந்தது. முதலில் நான் அதன் பக்கமே போகமாட்டேன். அது என்னை விட்டால் ஆள் இல்லை என்கிற மாதிரி என் காலையே சுற்றியது. முனிசிபல் ஆட்கள் அடுத்த முறை நாய்களுக்கு ஊசி போட வந்தபோது மாமியார் கம்போங்கில் வீடு வீடாக ஏறி இறங்கினார். "அதற்கு வலிக்கும்" என்று ஒளித்து வைத்தவர்களிடம், "என் மருமகள் வயிற்றை வந்து பார்" என்றார். என்னையும் கூடவே இழுத்துக்கொண்டு போவார், எனக்கு மானம் போகும். கோயில் பக்கத்துத் திடலில் கயிறு, சங்கிலி, பழைய கைலித் துணி என்று கையில் கிடைத்ததைக் கட்டி எல்லா நாயையும் கொண்டுவந்துவிட்டார்கள். நம் குட்டிதான் முதல் ஆள். கழுத்தில் தகடு மாட்டியதும் மாமா அதைத் தொட்டுப் பார்த்து, "ஓ, இந்தத் தகடுதானா?" என்று கேட்டதில் திடலே சிரித்தது. நாய் கடித்தால் முதலில் குழாயடிக்கு ஓடு, சோப்புப் போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்வது அம்மாவின் வேலை ஆனது. ஆமாம், காப்பித்தூள் அப்பிய அதே அம்மா.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் மாமியார் ஒரு டம்ளர் தண்ணீரோடு நிற்பார். குடி என்பார். அவர்கள் எல்லோரும் உதட்டில் வைத்துக் குடிப்பவர்கள். எனக்கு மட்டும், "உங்கள் வீட்டு மாதிரி அண்ணாந்து குடி" என்பார். நான் அண்ணாந்து குடிக்க, அவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தாலிக்கொடி இருக்கிறதா, கழற்றி அடகு வைத்துவிட்டேனா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் போய்ப் பொருமினேன். "காலங்காத்தால பல்லு விளக்கினதும் விளக்காததுமா தண்ணியை நீட்டுறாங்கம்மா. தாகமே இல்லைன்னாலும் விட மாட்டேங்கிறாங்க." அம்மா, "மாமியார் தண்ணிதானே குடுக்கிறா, அடியா குடுக்கிறா? குடிச்சிட்டுப் போ" என்றார். மழை வந்தது, தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. தண்ணீர் நிற்கவில்லை.

மறுபடி ஆவணி பிறந்து, எங்கள் கல்யாண நாளும் வந்து போன பிறகு ஒரு காலையில் நான் வழக்கம்போல் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சுடா. அம்பில் செண்டிரி" என்றார். போதும், நீயே எடுத்துக்கொள்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டே குடித்த தண்ணீர், இல்லை என்றதும் ஏதோ பறிபோன மாதிரி இருந்தது. என்மேல் என்ன வருத்தம் என்று உள்ளே போய் என் புருஷனிடம் சண்டைக்கு நின்றேன். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"மாக் உன்னிடம் சொல்லவே இல்லையா?" என்றார். மாக் என்றால் அம்மா. அதற்குள் எனக்கு அவர்கள் மலாய் நன்றாகப் புரிய ஆரம்பித்திருந்தது.

மாமியாருக்கு ஒரு தங்கை இருந்தாளாம். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு நாய் கடித்துவிட்டது. ஊசி எங்கே இருக்கிறது அப்போது? காயம் ஆறிவிட்டது. அவளும் ஓடி ஆடினாள். எல்லோரும் மறந்துவிட்டார்கள். மாதக்கணக்கான பிறகு ஒரு காலையில் மாமியார் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். டம்ளர் உதட்டருகில் வந்ததும் அவள் கழுத்து இழுத்துக்கொண்டது. டம்ளரைத் தட்டிவிட்டு அலறினாள். அதற்குப் பிறகு அவளால் ஒரு சொட்டு இறக்க முடியவில்லை. தண்ணீர் கேட்டுக் கேட்டே, தண்ணீரைக் கண்டு பயந்து பயந்தே போய்விட்டாள்.

"ஊசி எல்லாம் முடிந்துவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னார்தான். மாக் நம்பவில்லை. ஒரு வருஷம் முழுசாகப் போகட்டும் என்று வைத்திருந்தார்."

நான் அடுக்களைக்குத் திரும்பி வந்தேன். அவர் அதே இடத்தில் கீரையோடு உட்கார்ந்திருந்தார், நாய் பக்கத்தில் படுத்திருந்தது. பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். தலையை நன்றாக அண்ணாந்து, தொண்டை தெரிகிற மாதிரி, மடக் மடக் என்று குடித்தேன். அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். இரண்டாவது டம்ளர் மொண்டேன். அதையும் குடித்தேன். "கிலா" என்று சிரித்தார், பைத்தியமே என்று. மூன்றாவது டம்ளரில் அவர் கண் நிறைந்துவிட்டது. கெபாயாவின் கைப்பக்கத்தால் துடைத்துக்கொண்டு, போதும், வயிறு வெடித்துவிடும் என்றார். எனக்கு வயிறு முட்டிவிட்டதுதான். இருந்தாலும் இன்னொரு டம்ளர் மொண்டேன்.